சிமெண்டுக் கட்டைக்கும் நோய் வரும்!

ரெயிலில் ஏறியதும் ஜன்னல் ஓரத்து இடத்துக்குக் குழந்தைகள் சண்டை போடுவார்கள். இடம் கிடைத்ததும் என்ன பார்ப்பார்கள்? மலை, மாடு, பனைமரம். பிறகு பக்கத்துத் தண்டவாளத்தைப் பார்ப்பார்கள். அதன் அடியில் வரிசை வரிசையாகக் கட்டைகள் ஓடும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்குவார்கள். வண்டி வேகம் பிடித்ததும் எண்ணிக்கை தவறிப்போகும். விட்டுவிடுவார்கள்.

அந்தக் கட்டைகளுக்குச் "சிலீப்பர்" என்று பெயர். ஆங்கிலத்தில் சிலீப்பர் என்றால் தூங்குகிறவன் என்று அர்த்தம். யார் வைத்த பெயரோ தெரியவில்லை! உண்மையில் அதற்குத் தூக்கமே கிடையாது. ராத்திரி 2 மணிக்கு நாம் வண்டிக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருப்போம். நம்மையும், நம் மூட்டை முடிச்சுகளையும், 22 பெட்டிகளையும், என்ஜினையும் சேர்த்துத் தாங்குவது அந்தக் கட்டைதான். இரண்டு தண்டவாளங்களும் ஒன்றைவிட்டு ஒன்று விலகாமல் பிடித்துக்கொண்டிருப்பதும் அதுதான். ஒரு விரல் அகலம் விலகினாலும் விபரீதம்.

பழைய காலத்தில் இவை மரக்கட்டைகளாக இருந்தன. சால், தேக்கு, தேவதாரு என்று காடு காடாக வெட்டிப் போட்டார்கள். பிறகு இரும்பில் செய்து பார்த்தார்கள். இப்போது பெரிய பாதைகளில் எல்லாம் சிமெண்டு காங்கிரீட்தான். மரம் போய்விட்டது. கட்டை என்ற பெயர் மட்டும் போகவில்லை.

சிமெண்டு வந்ததும் ஒரு நம்பிக்கையும் கூடவே வந்தது. "மரம் என்றால் உளுத்துப்போகும். கரையான் அரிக்கும். தீப்பிடிக்கும். சிமெண்டை என்ன செய்ய முடியும்? போட்டால் போட்டதுதான். 50 வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம்!"

இதில் முதல் பாதி உண்மை. கடைசிப் பாதிதான் ஆபத்து. "திரும்பிப் பார்க்க வேண்டாம்" என்று நினைத்த இடங்களில் என்ன நடந்தது என்பதைக் கேளுங்கள். அதற்கு முன்பு, அந்தக் கட்டை எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

தோட்டக்காரரின் யோசனை

சிமெண்டுக்குள் இரும்புக் கம்பி வைக்கும் வித்தையைப் பரப்பியவர்களில் ஒருவர் பெரிய என்ஜினீயர் அல்ல. ஒரு தோட்டக்காரர்! பிரான்சு நாட்டைச் சேர்ந்தவர். ஜோசப் மோனியர் என்று பெயர். பூந்தொட்டி அடிக்கடி உடைந்துபோகிறதே என்று, சிமெண்டுக்குள் கம்பி வலையை வைத்துத் தொட்டி செய்தார். 1867-ல் அதற்கு உரிமையும் வாங்கிவிட்டார். பத்து வருஷம் கழித்து, 1877-ல், இதே முறையில் ரெயில் கட்டையும் செய்யலாம் என்று இன்னொரு உரிமை வாங்கினார்.

யோசனை நல்ல யோசனைதான். ஆனால் அந்தக் கட்டை பலிக்கவில்லை. ஏன்?

வீட்டில் சாக்பீஸ் இருந்தால் ஒன்றை எடுங்கள். இரண்டு முனையையும் பிடித்து நேராக அழுத்துங்கள். லேசில் உடையாது. அதையே சற்று வளையுங்கள். "டக்" என்று உடைந்துவிடும். காங்கிரீட்டின் குணமும் இதுதான். அழுத்தினால் யானை பலம். வளைத்தால் பூனை பலம் கூட இல்லை. ரெயில் சக்கரம் மேலே ஓடும்போது கட்டை லேசாக வளைந்து வளைந்து நிமிரும். அந்த வளைவைப் பழைய காங்கிரீட் தாங்கவில்லை.

இதற்கு ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். பத்துப் புத்தகங்களை மேஜை மேல் வரிசையாக நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைத்து இறுக்கி அழுத்தித் தூக்குங்கள். நடுவில் இருக்கும் புத்தகம் விழாது. கையைத் தளர்த்தினால் எல்லாம் சரிந்துவிடும். அதுபோல, அச்சுக்குள் உருக்குக் கம்பிகளை முதலில் யந்திரத்தால் இழுத்துக் கட்டுவார்கள். அப்புறம் காங்கிரீட்டை ஊற்றுவார்கள். அது இறுகியதும் கம்பியை விடுவிப்பார்கள். கம்பி சுருங்கப் பார்க்கும். காங்கிரீட் விடாது. அந்த இழுபறியில் கட்டை முழுவதும் இறுக்கமாகிவிடும். வளைத்தாலும் வெடிக்காது.

இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு ஐரோப்பாவில் மரத்துக்குப் பஞ்சம். அப்போதுதான் இந்த முறை பெருகியது. நம் நாட்டுக்கும் வந்தது.

நம் அகலப் பாதையில் பல காலமாகப் போடப்பட்டு வரும் கட்டையின் நீளம் 2.75 மீட்டர். எடை சுமார் 285 கிலோ. நாலு பேர் சேர்ந்தாலும் தூக்கத் திணறுவார்கள். அதற்குள் மூன்று இழை முறுக்கிய கம்பிகள் 18 இருக்கின்றன. அவற்றை இழுத்துக் கட்டும் பலம் மொத்தம் ஏறக்குறைய 50 டன்! ஒரு கிலோமீட்டருக்கு 1,660 கட்டைகள் என்பது முக்கியமான பாதைகளின் கணக்கு. சென்னையிலிருந்து மதுரைக்கு சுமார் 490 கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்கள். ஒரு வழிப் பாதைக்கு மட்டும் 8 லட்சம் கட்டைகள் வரும்.

அந்தக் குழந்தையால் எண்ணி முடியாததில் ஆச்சரியம் என்ன!

ஆவி பிடித்தால் அவசரம் தீரும்

காங்கிரீட்டுக்கு அவசரம் ஆகாது. வீட்டுக்குத் தளம் போட்டால் என்ன செய்கிறோம்? பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறோம். நாள்கணக்கில் காத்திருக்கிறோம். முழுப் பலம் வர 28 நாள் என்று கணக்கு.

தொழிற்சாலையில் அப்படிக் காத்திருக்க முடியுமா? அச்சு காலியானால்தான் அடுத்த கட்டை ஊற்றலாம். ஆகவே, கட்டையை ஊற்றி, மூடி, ஆவியில் வேகவைக்கிறார்கள். இட்லி மாதிரிதான்! சில மணி நேரத்தில் கட்டை இறுகிவிடும். மறுநாள் அச்சு காலி.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. சூடு அளவோடு இருக்கவேண்டும், அவ்வளவுதான். காங்கிரீட்டின் உள்சூடு 70 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் போகக்கூடாது என்கிறார்கள் நிபுணர்கள். போனால் என்ன ஆகும்?

உடனே ஒன்றும் ஆகாது. அதுதான் விஷமம்!

சிமெண்டு இறுகும்போது அதற்குள் ஊசி ஊசியாக ஒரு வகை உப்புப் படிகம் உண்டாகும். காங்கிரீட் இளகியிருக்கும்போதே உண்டானால் கெடுதல் இல்லை. அதற்கு இடம் கிடைத்துவிடும். சூடு மிஞ்சினால் அந்தப் படிகம் அப்போது உண்டாகாது. அதற்கு வேண்டிய சரக்கு உள்ளேயே பதுங்கிக்கொள்ளும். கட்டை பாதைக்குப் போகும். மழை பெய்யும். ஈரம் உள்ளே இறங்கும். ஒரு வருஷமோ, பத்து வருஷமோ கழித்து, பதுங்கியிருந்தது படிகமாக வளரத் தொடங்கும். இப்போது காங்கிரீட் கல்லாகிவிட்டது. வளர இடம் ஏது?

இட்லி மாவைப் பாத்திரத்தில் வைத்தால் ராத்திரி பொங்கி வழியும். காலையில் துடைத்துவிட்டால் போயிற்று. அதே மாவைக் கண்ணாடிச் சீசாவில் அடைத்து இறுக மூடினால்? சீசா தெறிக்கும். கட்டைக்கும் அதே கதிதான். உள்ளேயிருந்து வெடிக்கிறது.

1980-களில் பின்லாந்திலும் ஜெர்மனியிலும் சிமெண்டுக் கட்டைகள் இப்படி வெடித்தன. வெளியே யாரும் அடிக்கவில்லை. மேலே அதிகப் பாரமும் ஓடவில்லை. பிறந்த நாளன்று பட்ட சூடுதான் காரணம் என்று ஆராய்ச்சியில் தெரிந்தது.

கல்லும் காரணமாகலாம். ஜல்லியில் சில ஜாதிக் கல் சிமெண்டில் உள்ள காரத்தோடு சேர்ந்து பசை போன்ற ஒரு பொருளைக் கக்கும். அந்தப் பசை தண்ணீரைக் குடித்துக் குடித்து உப்பும். தாமஸ் ஸ்டாண்டன் என்ற அமெரிக்க என்ஜினீயர் 1940-ல் இதைக் கலிபோர்னியாவில் கண்டுபிடித்துச் சொன்னார். எந்தக் குவாரிக் கல் நல்ல கல், எந்தக் கல் பசை கக்கும் கல் என்பதைச் சோதித்துப் பார்த்தால் தெரியும். கண்ணால் பார்த்தால் தெரியாது. இரண்டும் பளபளவென்றுதான் இருக்கும்.

மரமும் சிமெண்டும்

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். என்னைக் கேட்டால், இந்த விஷயத்தில் முக்கியமானது இதுதான்.

மரக்கட்டைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மரம். ஒன்று மூன்று வருஷத்தில் உளுத்துப்போகும். பக்கத்தில் இருப்பது முப்பது வருஷம் கல்லு மாதிரி கிடக்கும். ஒன்று கெட்டால் இரு பக்கத்திலும் இருப்பவை தாங்கிக்கொள்ளும். ஊரில் ஒருவர் படுத்துவிட்டால் அண்டை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வது போல.

சிமெண்டுக் கட்டை அப்படி அல்ல. ஒரே குவாரிக் கல், ஒரே சிமெண்டு, ஒரே கொதிகலன், ஒரே வாரம். அதில் தப்பு நேர்ந்தால், அந்த வாரத்துக் கட்டைகள் அத்தனைக்கும் தப்பு நேர்ந்திருக்கும். அவை ஒரே லாரியில் ஏறி, ஒரே பாதையில், பக்கத்தில் பக்கத்தில் போய்ப் படுக்கும். நோய் வரும்போது தெரு முழுவதற்கும் சேர்ந்து வரும். தாங்குவதற்கு அண்டை வீட்டுக்காரர் இல்லை. அவரும் படுக்கையில் இருக்கிறார்!

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக்குத் தெற்கே, மூடிக்கிடந்த பழைய ரெயில் பாதைகளைச் செப்பனிட்டு 1997-ல் திறந்தார்கள். புத்தம் புதிய சிமெண்டுக் கட்டைகள். பல்லாண்டு உழைக்கும் என்று போட்டவை. பதினைந்து வருஷம் கூடத் தாங்கவில்லை. கொத்துக் கொத்தாக நொறுங்கின. 2012-க்குள் சுமார் ஒன்றரை லட்சம் கட்டைகளைப் பிடுங்கி எறிந்தார்கள். அதற்குப் பதிலாக என்ன போட்டார்கள் தெரியுமா? மரக்கட்டை!

இதைச் சொன்னவுடன், "மரமே மேல்" என்று யாரும் முடிவு கட்டிவிடக்கூடாது. நம் நாட்டில் அத்தனை கட்டைக்கு மரத்துக்கு எங்கே போவது? இருக்கிற காடும் போய்விடும். வேகமாக ஓடும் கனமான வண்டிக்குக் கனமான கட்டைதான் நல்லது. நன்றாகச் செய்த சிமெண்டுக் கட்டை நன்றாகவே உழைக்கிறது. உலகம் முழுவதும் கோடிக்கணக்கான கட்டைகள் மழையிலும் வெயிலிலும் கிடந்து உழைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. கேள்வி கட்டையைப் பற்றியது அல்ல. அதை நம்பித் தூங்குகிறவர்களைப் பற்றியது.

அரை அங்குலம்

கட்டையின் மேல் தண்டவாளம் நேராக உட்காருவதில்லை. நடுவில் ஒரு ரப்பர் மெத்தை இருக்கிறது. நம் பாதைகளில் வெகு காலமாக இருந்தது 6 மில்லிமீட்டர் கனம். நம் செருப்பின் அடித்தோலை விட மெல்லிசு. பக்கத்தில் வளைந்த இரும்புக் கொக்கி ஒன்று தண்டவாளத்தைக் கவ்விப் பிடித்திருக்கும். இந்த இரண்டும் சின்னச் சாமான்கள். கட்டையின் ஆயுள் இவற்றின் கையில் இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

மெத்தை தேய்கிறது. கொக்கி தளர்கிறது. தண்டவாளம் ஒவ்வொரு சக்கரத்துக்கும் இம்மி அசைகிறது. அந்தச் சந்துக்குள் மழைத் தண்ணீர் போகிறது. கூடவே மணல் போகிறது. இனி என்ன? அம்மியில் மஞ்சள் அரைப்பது மாதிரிதான்! தண்டவாளம் குழவி. கட்டை அம்மி. தண்ணீர் தெளித்து, மணல் போட்டு, ஒரு வண்டிக்கு நூறு தடவை அரைக்கிறது. தண்டவாளம் உட்காரும் இடம் பள்ளமாகிறது. வெளிப் பக்கம் அதிகம் தேய்ந்தால் தண்டவாளம் சாய்கிறது. மேலிருந்து பார்த்தால் தெரியாது. தண்டவாளமே அதை மறைத்துக்கொண்டிருக்கும்.

2005-ம் ஆண்டு ஏப்ரல் 3-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை காலை. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றங்கரை ஓரமாக ஒரு பயணிகள் ரெயில் போய்க்கொண்டிருந்தது. ஹோம்வேலி என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் வளைவில் தடம் புரண்டது. சுமார் 30 பேர் காயம் அடைந்தார்கள். தெய்வாதீனமாக உயிர்ச்சேதம் இல்லை.

விசாரணை நடந்தது. சிமெண்டுக் கட்டையில் தண்டவாளம் உட்காரும் இடம் தேய்ந்து பள்ளமாகிவிட்டது. தண்டவாளம் சாய்ந்துவிட்டது என்று கண்டார்கள். அதோடு நிற்கவில்லை. அந்த இடத்தில் "வண்டி தூக்கிப் போடுகிறது" என்று முன்பே பல தடவை புகார் வந்திருக்கிறது. அதைச் சரியாகக் கவனிக்கவில்லை. அதுதான் விபத்துக்குக் காரணம் என்று விசாரணை அதிகாரிகள் எழுதினார்கள். இன்னொன்றும் எழுதினார்கள். மரக்கட்டை எப்போது கெட்டது என்று சொல்ல விதி இருக்கிறது. சிமெண்டுக் கட்டை எப்போது கெட்டது என்று சொல்லத் தக்க வழிகாட்டி இல்லை!

ஏன் இல்லை? சிமெண்டு கெடும் என்று யாரும் நினைக்கவில்லை. அவ்வளவுதான். விபத்து நடந்து ஆறு வருஷம் கழித்து, 2011-ல், அமெரிக்க அரசு விதி செய்தது. தண்டவாளம் உட்காரும் இடம் அரை அங்குலம் தேய்ந்தால் அந்தக் கட்டை கெட்ட கட்டை. அரை அங்குலம் என்பது நம் சுண்டு விரலின் அகலம்.

பள்ளிக்கூடம் விட்ட நாள்

அமெரிக்காவில் உயிர் தப்பியது. ஜெர்மனியில் தப்பவில்லை.

2022-ம் ஆண்டு ஜூன் 3-ந் தேதி. வெள்ளிக்கிழமை பகல். ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் கார்மிஷ்-பார்ட்டன்கிர்ஷன் என்ற ஊர். பனிச்சறுக்கு விளையாட்டுக்குப் பேர்போன ஊர். அங்கேயிருந்து மியூனிக் நகரத்துக்கு ஒரு மாடி ரெயில் புறப்பட்டது. மறுநாள் முதல் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. ஆகவே வண்டியில் மாணவர்கள் நிறைய இருந்தார்கள்.

ஊரைத் தாண்டியதும், பர்க்ரைன் என்ற இடத்தில் பெட்டிகள் தடம் புரண்டன. சில பெட்டிகள் கரையிலிருந்து சரிந்து சாய்ந்தன. 5 பேர் மாண்டார்கள். பலர் காயம் அடைந்தார்கள். மாண்டவர்களில் ஒருவன் பள்ளிக்கூடச் சிறுவன்.

ஜெர்மனி! யந்திரத்துக்கும் ஒழுங்குக்கும் பெயர்போன நாடு. அங்கே என்ன நடந்தது?

பாதையில் கிடந்த சிமெண்டுக் கட்டைகள் பழுதாகியிருந்தன என்று மத்திய விசாரணை இலாகா சொன்னது. காங்கிரீட்டுக்குள் நடந்த ரசாயன மாற்றம் பற்றியும் பேச்சு எழுந்தது. அந்தக் கோடைக் காலத்திலேயே, அதே மாதிரியான சுமார் 2 லட்சம் கட்டைகளை நாடெங்கும் சோதிக்கத் தொடங்கினார்கள். பல பாதைகளில் வண்டிகள் ஊர்ந்துதான் போயின. சில பாதைகளை மூடிவிட்டார்கள். பிறகு லட்சக்கணக்கில் கட்டைகளை மாற்றினார்கள். ஒரே சமயத்தில் இத்தனை கட்டை ஏன் சந்தேகத்துக்கு ஆளாயிற்று என்பது, மேலே அண்டை வீட்டுக் கதையைப் படித்தவர்களுக்கு விளங்கும்.

இன்னும் ஒரு செய்தி உண்டு. இதை எழுதும்போது கை தயங்குகிறது. விபத்துக்கு முதல் நாள் மாலை, அதே இடத்தைக் கடந்த வேறு ஒரு ரெயில் டிரைவர், "இங்கே வண்டி ஆடுகிறது" என்று ரேடியோவில் சொல்லியிருக்கிறார். அந்தச் சொல் போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. மறுநாள் பகல் அந்த வண்டி வழக்கம்போல் புறப்பட்டது.

யார் குற்றவாளி என்பதைக் கோர்ட்டு பார்த்துக்கொள்ளும். நமக்கு வேண்டியது வேறு. 2005-ல் அமெரிக்காவில் புகார் வந்தது. 2022-ல் ஜெர்மனியில் புகார் வந்தது. இரண்டு இடத்திலும் கட்டை தன் வியாதியை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறது. வண்டியை ஆட்டிச் சொன்னது. கேட்ட டிரைவர்கள் மேலே சொன்னார்கள். அதற்கு மேல்தான் சத்தம் நின்றுவிட்டது.

நம் ஊரில் எப்படி?

பனி நாடு அல்ல நம் நாடு. காங்கிரீட்டுக்குள் தண்ணீர் உறைந்து வெடிக்கும் தொல்லை தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் நமக்கு வேறு தொல்லைகள் இருக்கின்றன.

கட்டைக்கு அடியில் கருங்கல் ஜல்லி கொட்டியிருப்பார்கள். ஜல்லி வெறும் அழகுக்கு அல்ல. அதுதான் கட்டையின் பாய் படுக்கை. மழைத் தண்ணீர் வடியவும் அதுதான் வழி. மண்ணும் தூசியும் சேர்ந்து ஜல்லியின் சந்துகள் அடைபட்டால் தண்ணீர் தேங்கும். சேறு பொங்கும். இரண்டு முனையிலும் ஜல்லி அமுங்கி, நடுவில் மட்டும் மேடாக இறுகிவிட்டால் இன்னும் மோசம். கட்டை ஏற்றப் பலகை மாதிரி ஆகிவிடும். நடுவில் முட்டுக் கொடுத்து இரண்டு பக்கமும் யானை ஏறினால் பலகை என்ன ஆகும்? நடுமுதுகு வெடிக்கும். மேல் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு விழும். அந்த வழியாகத் தண்ணீர் இறங்கும். உள்ளே இழுத்துக் கட்டிய கம்பி துரு ஏறும். அப்புறம் 50 டன் பலமும் அம்போ!

சக்கரமும் சும்மா இருப்பதில்லை. பிரேக் இறுகி, சுழலாமல் வழுக்கிக்கொண்டு போன சக்கரத்தில் ஓர் இடம் தட்டையாகத் தேய்ந்துவிடும். அந்த வண்டி போகும்போது "டொக்... டொக்..." என்று சத்தம் கேட்கும். நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஒவ்வொரு டொக்கும் கட்டையின் தலையில் விழும் சம்மட்டி அடி. மரமாவது கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். சிமெண்டுக்கு அமுங்கத் தெரியாது.

கடற்கரைப் பக்கம் உப்புக் காற்று. கொக்கியையும் தண்டவாளத்தையும் அது தின்கிறது. வெகு காலம் ரெயில் கக்கூசுக் கழிவும் நேரே பாதையில் விழுந்து இரும்பை அரித்தது. இந்த விஷயத்தில் நம் ரெயில்வேயைப் பாராட்டவேண்டும். கழிவு கீழே விழாத பெட்டிகள் மட்டுமே ஓடும் பாதை என்று இந்தியாவில் முதன்முதலில் பெயர் எடுத்தது எது தெரியுமா? நம் மானாமதுரை-ராமேசுவரம் பாதைதான். 114 கிலோமீட்டர். 2016-ம் ஆண்டு ஜூலை மாதம் அறிவித்தார்கள். பிறகு நாடு முழுவதும் பெட்டிகளை மாற்றினார்கள். கொக்கி துருப்பிடிக்காவிட்டால் தண்டவாளம் ஆடாது. ஆடாவிட்டால் அம்மி அரைக்காது. ஒன்றோடு ஒன்று எப்படி முடிச்சுப் போட்டிருக்கிறது பாருங்கள்!

நடந்து போகிறவர்

ரெயில்வேயில் "கீமேன்" என்று ஓர் ஊழியர் உண்டு. தோளில் சுத்தியலும் ஸ்பானரும் தொங்க, கையில் கொடியுடன், தண்டவாளத்தின் ஓரமாகவே நடந்து போவார். வெயில் என்றும் மழை என்றும் அவருக்குக் கிடையாது. தளர்ந்த கொக்கியைத் தட்டி இறுக்குவார். குனிந்து பார்ப்பார். மறுபடி நடப்பார். ரெயிலில் போகும் நாம் ஒரு வினாடி அவரைப் பார்க்கிறோம். அப்புறம் மறந்துவிடுகிறோம்.

இப்போது பாதையைச் சோதிக்க நல்ல நல்ல யந்திரங்கள் வந்துவிட்டன. வண்டியிலேயே கருவிகளைப் பொருத்தி, ஓடும்போதே பாதையின் கோணல் மாணலைக் காகிதத்தில் வரைந்துவிடுகிறார்கள். நல்லதுதான். வரட்டும். ஆனால், "யந்திரம் வந்துவிட்டது, சிமெண்டுக் கட்டையும் போட்டாயிற்று, இனி நடந்து பார்ப்பதற்கு இத்தனை ஆள் எதற்கு?" என்று ஒரு கணக்கு அங்கங்கே பேசப்படுகிறது. அந்தக் கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை. தண்டவாளத்துக்கு அடியில் மறைந்திருக்கும் பள்ளத்தை, மெத்தை ஒரு பக்கம் பிதுங்கி நிற்பதை வைத்தே பழகிய கண் கண்டுபிடித்துவிடும். கட்டையைச் சுற்றி ஜல்லி வெள்ளைத் தூளாகக் கிடந்தால் காங்கிரீட் அரைபடுகிறது என்று அவருக்குத் தெரியும். இருபது வருஷம் நடந்த காலுக்கு அந்தப் படிப்பு இருக்கிறது.

அவர் சொல்வதையும், டிரைவர் சொல்வதையும் எழுதிவைக்க ஒரு நோட்டு இருக்கவேண்டும். எழுதினால் மட்டும் போதாது. இந்தப் புகாருக்கு இன்னார், இந்த மணிக்கு, நேரில் போய்ப் பார்த்தார் என்று பக்கத்திலேயே பதில் இருக்கவேண்டும். பார்த்து முடிக்கும் வரை அந்த இடத்தில் வண்டி மெதுவாகப் போகட்டும். பத்து நிமிஷம் தாமதமாகும். ஆகட்டுமே! ஸ்டேஷனில் காத்திருக்கும் மாமனாருக்கு ஒரு டீ கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதானே.

தொழிற்சாலையிலும் ஒரு காரியம் செய்யலாம். ஸ்டேஷனில் வண்டிக்குக் காத்திருக்கும்போது, பிளாட்பாரத்தில் நின்றபடியே கீழே கட்டையைப் பாருங்கள். இறங்கிப் பார்க்காதீர்கள், குழந்தைகளையும் இறங்க விடாதீர்கள். கட்டையின் மேல் எழுத்தும் எண்ணும் அச்சில் பதிந்திருக்கும். எந்தத் தொழிற்சாலை, எந்த வருஷம், எந்த அச்சு என்பதெல்லாம் அதில் இருக்கும். மனிதனுக்குப் பிறப்புச் சர்ட்டிபிகேட் மாதிரி.

அந்த எண்ணோடு இன்னும் மூன்று விவரங்கள் சேரவேண்டும் என்பது என் கட்சி. அன்றைக்கு ஆவிச் சூடு எத்தனை டிகிரி ஏறியது? எந்தக் குவாரிக் கல்? எந்தப் பாதையில், எத்தனையாவது மைல் கல்லில் போட்டார்கள்? இந்தக் கணக்கைக் கட்டை பாதையில் கிடக்கும் காலம் வரை, 50 வருஷமானாலும், கிழித்துப் போடாமல் வைத்திருக்கவேண்டும். ஒரு கட்டையில் சிலந்தி வலை மாதிரி வெடிப்பு தெரிந்ததும், அதன் கூடப் பிறந்த கட்டைகள் எங்கெங்கே படுத்திருக்கின்றன என்று அன்று சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். ஜெர்மனியில் 5 பேர் போன பிறகு நாடு முழுக்கத் தேடியது போல் இங்கே தேடவேண்டி வராது.

இதற்குப் பெரிய செலவு இல்லை. ஒரு வெப்பமானி, ஒரு கணக்குப் புத்தகம், அதைப் பூட்டிவைக்க ஒரு பீரோ. இந்தக் காலத்தில் பீரோ கூட வேண்டாம், கம்ப்யூட்டரே போதும். கட்டைக்கு டெண்டர் கேட்கும்போது, விலை எவ்வளவு என்று கேட்கும் அதே காகிதத்தில் இதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடலாம்.